தோசை மாவைப் பொங்க வைப்பது ஈஸ்டா?

வணக்கம் அக்கா. தோசை மாவு, தெம்பே (சோயா அவரைக் கட்டி), தாப்பாய் (புளிக்க வைத்த சோறு அல்லது மரவள்ளி) மூன்றையும் ஈஸ்ட்தான் புளிக்க வைக்கிறது என்று படிவம் 4 மகன் எழுதியிருக்கிறான், சரியா என்று கேட்டிருந்தீர்கள். தாப்பாய்க்கு மட்டும் பாதி மார்க் போடலாம். ராகியில் (நம்ம கேழ்வரகு இல்லை, தாப்பாய் புளிக்கச் சேர்க்கும் அந்த வெள்ளை வில்லை) ஈஸ்டோடு வேறு பூஞ்சணமும் இருக்கிறது.

தோசை மாவில் முக்கிய வேலை லூக்கனொஸ்டாக் என்ற பாக்டீரியாவுடையது. உளுந்தோடு ஒட்டிக்கொண்டே வருவதால்தான் எதையும் சேர்க்காமலே மாவு பொங்குகிறது.

தெம்பே வேறு கதை. கோலாலம்பூர் சௌக்கிட் பசாரில் வாழையிலையில் மடித்தது ஒன்று வாங்கி, பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோயா அவரையை இறுக்கிப் பிடித்திருக்கும் வெள்ளை நூல்கள்தான் ரைசோபஸ் பூஞ்சணம். ஓரத்தில் சாம்பல் கறுப்பாய்த் தெரிவது பெரும்பாலும் அதன் வித்துகள்.

பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. ஈஸ்டுக்கும் ரைசோபஸுக்கும் உண்டு. பூஞ்சணத்தைத் தாவரம் என்று மட்டும் எழுதவிடாதீர்கள். 1969-இல் உயிரியலாளர் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோதே அது தனிக்குடித்தனம் போய்விட்டது. அதன் செல்சுவரில் இறால் ஓட்டில் உள்ள அதே கைட்டின் என்ற பொருள் இருக்கிறது.