மட்டக்களப்பிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க ஏஜென்சி தேவையா?

கேள்வி: "மட்டக்களப்பில் இருக்கிறேன். விவசாய விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டேன். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்துத் தர ஒரு ஏஜென்சி நாலு இலட்சம் கேட்கிறது. கொடுக்கலாமா? வீட்டில் வசதி இல்லை, இங்கிலீஷும் சுமார். தங்கச்சி ஏ.எல் முடித்திருக்கிறாள், அவளுக்கும் ஏதாவது வழி உண்டா?"

கொடுக்காதீர்கள். டோஃபல் என்ற இங்கிலீஷ் பரீட்சை, மூன்று விண்ணப்பக் கட்டணம், செவிஸ் (வெளிநாட்டு மாணவரைப் பதிய அமெரிக்க அரசு எடுக்கும் கட்டணம்), விசா எல்லாம் சேர்த்தே எனக்கு மூன்று இலட்சம் சொச்சம்தான் முடிந்தது. விமான டிக்கெட் தனி. அதில் இன்னொருவர் எனக்காகச் செய்து தரக்கூடிய வேலை என்று எதுவும் இருக்கவில்லை. யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் எஜுகேஷன் யுஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசின் படிப்பு ஆலோசனைச் சேவையின் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏஜென்சிக் கமிஷன் கிடையாது.

நானும் மட்டக்களப்புதான், படுவான்கரைப் பக்கம். 2023 ஓகஸ்டில் மண்ணியல் படிக்க அமெரிக்கா வந்தேன். எம்.எஸ் முடித்து இப்போது அதே இடத்தில் பிஎச்.டி. நடுமேற்கின் வடக்குப் பக்கம், ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், சோளமும் சோயாவும் பனியும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊர். வீட்டுக்கு கோல் எடுத்தால் பக்கத்து வீட்டு மாமி இன்னும் கேட்கிறா, "ஹார்வர்ட்டா மனே படிக்கிறாய்?" என்று. இல்லை மாமி, அங்கே வயல் இல்லை.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஏஜென்சிகள் சுவரில் ஒட்டும் "அமெரிக்காவில் மாஸ்டர்ஸ்" பெரும்பாலும் நாம் காசு கட்டிப் படிக்கிற பாடநெறி. ஆனால் மண், பயிர், பூச்சி, உணவு விஞ்ஞானம் போன்ற துறைகளில் ஆய்வேடு எழுதும் எம்.எஸ் என்று வேறொன்று இருக்கிறது. ஒரு பேராசிரியர் தன் ஆராய்ச்சிப் பணத்தில் உங்களை 'ரிசேர்ச் அசிஸ்டன்ட்' ஆக எடுப்பார். வாரம் 20 மணித்தியாலம் அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை. படிப்புக் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளம் கையில். பிஎச்.டியும் இதே கணக்குத்தான். புலமைப்பரிசில் என்று தனியாக ஒன்றைத் தேடி அலையத் தேவையில்லை.

இந்த வேலைக்கென்றே எழுந்த பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் உண்டு. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மொரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்ற காசில் விவசாயமும் பொறியியலும் படிப்பிக்கும் கல்லூரிகளைத் தொடங்கச் சொன்னது. ஐயோவா ஸ்டேட், கான்சாஸ் ஸ்டேட், பர்டியூ, டெக்சாஸ் ஏ அண்ட் எம் எல்லாம் அந்த வரிசை. நம் ஊரில் இந்தப் பெயர்களைச் சொன்னால் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள். உங்களுக்கு வேலை இருப்பது இந்த இடங்களில்தான்.

மறுகா, பல்கலைக்கழகம் தேடுவதை விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள். உங்கள் வேலை தேவைப்படுகிற ஒரு பேராசிரியர். எனக்கு அந்த ஆளைக் காட்டித் தந்தது ஒரு இலக்கம்.

என் கடைசி வருட ஆய்வு மாமாவின் வயலில். வாவிக்கு அண்டிய வட்டை. கோடையில் வாவித் தண்ணீர் உப்பேறும், கீழ் மூலையில் பயிர் மஞ்சளாகும். அந்த மூலை மண்ணின் மின்கடத்துதிறனை அளந்தால் (உப்பு கூடக் கூட இது ஏறும்) 7 டெசிசீமன்ஸ்/மீட்டருக்குச் சற்று மேலே நின்றது. நெல்லுக்கு 3 தான் வாசல். அதைத் தாண்டிய ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் 12 வீதம் போகும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. கணக்குப் பார்த்தால் பாதி. மாமாவிடம் சொன்னேன். "அந்த மூலையில பாதிதான் மிஞ்சும் எண்டு நான் எப்பவோ சொன்னனே" என்றார், வெற்றிலையை மடித்தபடி. அந்த 3ஐயும் 12ஐயும் 1977இல் எழுதி வைத்தவர்கள் மாஸும் ஹொஃப்மனும். மாஸ் இருந்தது கலிபோர்னியாவில் ரிவர்சைட் என்ற ஊரில், உவர் மண்ணுக்கென்றே அமெரிக்க அரசு நடத்தும் ஆய்வுகூடத்தில். அவர்களை மேற்கோள் காட்டி இப்போது யார் எழுதுகிறார்கள் என்று, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் தேடிப் போனேன். என் பேராசிரியரின் பெயர் அங்கேதான் கிடைத்தது.

ஓகஸ்ட் தொடங்கி ஒக்டோபர் வரை 31 பேருக்கு ஈமெயில் போட்டேன். ஏழு பதில். நாலு "இந்த வருடம் காசு இல்லை", இரண்டு "விண்ணப்பியுங்கள், பார்க்கலாம்", ஒன்று "சூமில் பேசுவோமா?" அந்த ஒன்று போதும். முதல் பத்து ஈமெயிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் மேலான ஆராய்ச்சியால் கவரப்பட்டு..." பத்திலும் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எட்டு வரிக்குச் சுருக்கினேன். என்ன அளந்தேன், என்ன வந்தது, உங்கள் கட்டுரையில் எனக்கு விளங்காத இடம் இது, அடுத்த ஓகஸ்டுக்கு மாணவர் எடுக்கிறீர்களா? அவ்வளவுதான்.

சூம் இரவு ஏழரைக்கு, அங்கே காலை ஒன்பது. அவர் என் புள்ளிகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். 2022 நெருக்கடி நேரம் மீட்டரைச் சரிபார்க்கும் கரைசல் முடிந்துபோய், வெளியிலிருந்து எடுப்பிக்க வழி இல்லை. பொட்டாசியம் குளோரைடை எடை போட்டு 0.01 மோலார் கரைசல் நாங்களே செய்தோம். 25 பாகையில் அது அதே அலகில் 1.413 காட்ட வேண்டும், எங்களுக்கு 1.39 காட்டியது, அந்த வித்தியாசத்தை எல்லா அளவிலும் திருத்தினோம். இதை என் சுமாரான இங்கிலீஷில் தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. இங்கிலீஷ் சுமார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏன் படிக்க வருகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கட்டுரையிலும் இதே சங்கதிதான். என் முதல் பிரதி "சிறு வயது முதலே" என்று தொடங்கியது. அதைக் கிழித்துவிட்டு மாமாவின் கீழ் மூலையிலிருந்து தொடங்கினேன். நமக்கு நம்மைப் பற்றி எழுத வராது, "நான்" என்று சொல்லாதே என்று வளர்த்திருக்கிறார்கள். மண்ணைப் பற்றி எழுதுங்கள், நீங்கள் தானாக உள்ளே வந்துவிடுவீர்கள்.

உண்மையில் எனக்குத் தலைவலி தந்தது பரிந்துரைக் கடிதங்கள். மூன்று வேண்டும். நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். ஒரு சேர் சொன்னார்: "நீர் எழுதிக் கொண்டு வாரும், நான் சைன் வைக்கிறன்." அவர் கெட்டவர் அல்ல, அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கடிதம் மூன்றும் ஒரே ஆளின் இங்கிலீஷில் இருந்தால் வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதோடு, கடிதத்தைச் சேரே தன் ஈமெயிலுக்கு வரும் இணைப்பில் ஏற்ற வேண்டும், நாம் பார்க்கக் கூடாது என்று விண்ணப்பத்திலேயே ஒப்புக்கொள்கிறோம். நான் கடிதம் எழுதவில்லை. ஒரு பக்கத்தில் சம்பவங்களை எழுதிக் கொடுத்தேன்: எந்தப் பாடம், எந்த வருடம், கரைசல் கதை, மழையில் நனைந்த மாதிரிகளைத் திரும்ப எடுக்கப் போன நாள். சேர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தார். "இதெல்லாம் நான் மறந்து போனன்" என்றார். எழுதினார்.

எழுதினாரே தவிர ஏற்றவில்லை. இணைப்பு ஸ்பாமில் கிடந்திருக்கிறது, கம்பஸ் ஈமெயிலின் பாஸ்வேர்டும் அவருக்கு மறந்துவிட்டது. கடைசித் திகதிக்கு இரண்டு நாள் இருக்க, அவருடைய அறை வாசலில் காலை எட்டிலிருந்து நின்றேன். கூச்சப்படாதீர்கள், நில்லுங்கள். ஜிமெயிலிலிருந்து வரும் கடிதத்தைச் சில இடங்களில் சந்தேகமாகப் பார்ப்பார்கள், ஆகவே கம்பஸ் ஈமெயில்தான் நல்லது. திகதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. சேர்களிடம் மாரி தொடங்க முதலே சொல்லி வைத்துவிடுங்கள்.

டோஃபலை வீட்டிலிருந்தே எழுதினேன், கொழும்புக்குப் போய்வரும் செலவு மிச்சம் என்று. 2022 வைகாசி, மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதியின் எழுத்துக்கு எந்த நேரம் என்று பார்த்து இரவு நேரம் எடுத்தேன். கமெராவில் அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னாள் கண்காணிப்பாளர். முகட்டில் சுருட்டிக் கட்டியிருந்த நுளம்பு வலையைக் கண்டு, அது என்ன, அவிழ்த்துக் காட்டு என்றாள். காட்டினேன். எல்லாம் சரி, சடங்குக் காலம் என்பதை மட்டும் மறந்துபோனேன். பேச்சுப் பகுதி தொடங்க, அம்மன் கோவில் ஒலிபெருக்கியில் கண்ணகி வழக்குரை தொடங்கியது. முதல் கேள்விக்கு யோசிக்க 15 செக்கன், பேச 45 செக்கன். கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்க, நான் நகர வாழ்க்கையா கிராம வாழ்க்கையா நல்லது என்று கத்திக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு 30க்கு 21தான் வந்தது. ஆய்வு உதவியாளராகப் போனதால் தப்பினேன், வகுப்பு எடுக்கும் உதவியாளர் என்றால் கூடுதல் புள்ளி கேட்பார்கள். அதன் பிறகு டோஃபல் வடிவம் மாறிவிட்டது, பழைய பயிற்சிப் புத்தகத்தை வாங்கிவிடாதீர்கள். ஜிஆர்இ என்ற மேற்படிப்பு நுழைவுப் பரீட்சை என் துறைக்குத் தேவைப்படவில்லை, உங்கள் துறையின் பக்கத்தைப் பாருங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, விண்ணப்பித்த ஐந்து இடத்திலும் கேட்டேன், இரண்டில் தள்ளினார்கள். டொலர் 365 ரூபாய் நின்ற நேரம் அது, இரண்டு என்பது சின்னக் காசு அல்ல.

அனுமதி பெப்ரவரியில் வந்தது. சம்பளத்தோடு வரும் அனுமதிக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவது அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொண்ட வழக்கம். முதலில் வந்ததைப் பயத்தில் உடனே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை.

தங்கச்சியின் விஷயம் வேறு. இளமாணிப் படிப்புக்கு மேலே சொன்ன சம்பள வழி இல்லை. அங்குள்ள மாணவர் நிரப்பும் ஃபாஃப்சா என்ற அரச உதவிப் படிவமும் நமக்கு இல்லை. ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் காசு இருக்கிறதா என்று பார்க்காமல் தெரிவு செய்து, எடுத்தால் தேவையான முழுவதையும் கொடுக்கின்றன. போட்டி மிகக் கடுமை. பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பம் போடும் கொமன் அப் தளத்தில் 650 சொல் கட்டுரை ஒன்று, எம்ஐடிக்கு மட்டும் தனி விண்ணப்பம். முயலட்டும், ஆனால் இலங்கையில் கிடைக்கும் கம்பஸ் அனுமதியை அதற்காக விட்டுவிட வேண்டாம்.

விசாவுக்கு, பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்த பிறகு செவிஸ் கட்டணம் 350 டொலர், விசாக் கட்டணம் எனக்கு 160, இப்போது 185. விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160ஐ நீங்களே நிரப்பலாம், ஒரு இரவு போதும். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாக்காரர்களின் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள், அதையும் கவனியுங்கள். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அமெரிக்கத் தூதரகம் இருக்கும் கொள்ளுப்பிட்டியில் இறங்கினேன். நேர்முகம் மூன்று நிமிடம். "நெல் வயல் உப்பைப் பற்றிப் படித்தவன், நெல்லே இல்லாத மாநிலத்துக்கு ஏன் போகிறாய்?" என்று கேட்டார் அதிகாரி. நல்ல கேள்வி. அங்கே சோளக் காணியிலும் உப்பு ஏறுகிறது, அளக்கிற முறை ஒன்றுதான், நெல் இருக்கும் இடத்துக்குத்தான் திரும்பி வருவேன் என்றேன். ஐ-20இல் யார் காசு கட்டுகிறார்கள் என்ற வரியைப் பார்த்தார். வங்கிப் புத்தகத்தைக் கேட்கவே இல்லை.

கடைசியாகப் பெயர். இதில் நான் மாட்டினேன். பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முதலெழுத்தாக மட்டும், கடவுச்சீட்டில் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில், டோஃபலில் நான் அவசரத்தில் தலைகீழாகப் போட்டுவிட்டேன். மூன்றும் ஒரே ஆள் என்று ஒப்புவிக்க நாலு ஈமெயிலும் ஒரு சத்தியக்கடதாசியும் தேவைப்பட்டன. முதல் நாளிலிருந்தே எல்லா இடத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். அனுமதிக் கடிதம் வந்ததும் அப்பாவுக்குக் காட்டினேன், "அன்புள்ள" என்பதற்குப் பிறகு அவருடைய பெயர்தான் இருந்தது. இரண்டு தரம் வாசித்துவிட்டு, "எனக்குத்தான் கிடைச்சிரிக்கி போல. நான் போனா மாட்டை ஆர் பார்க்கிற?" என்றார்.