ஊட்டிக்குப் போகும்போது ஒரு ஜாம் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள்

"மே மாதம் நான்கு நாள் ஊட்டி போகிறோம். பிள்ளைகளுக்கு வயது 8, 11. சென்ற முறை படகும் குதிரையும் முடிந்ததும் அறையில் செல்போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். இருவருக்கும் அறிவியலில் ஆசை உண்டு. என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே வயதில் இரண்டு பேர். ஈரோட்டிலிருந்து என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்வந்தோம். ஊட்டியில் பிள்ளைகள் விளையாட மிக அருமையான பொருள் அந்த மலையின் உயரம்தான். அதை அளக்கவிடுங்கள், செல்போன் நினைவே வராது.

ஒரு சின்னக் கண்ணாடி ஜாம் பாட்டில், இரண்டு மூன்று பலூன், ரப்பர் பேண்ட், ஸ்கேல், பாகைமானி, நூல், ஒரு நோட்டு, கொதிநீரைத் தாங்கும் சமையல் தெர்மாமீட்டர், இவ்வளவுதான் தேவை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு நின்றுவிடும், உதவாது. பாட்டில் கண்ணாடியாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. சொந்த வண்டியில் போவதானால் இ-பாஸ் எடுக்கவும் மறக்காதீர்கள்.

முடிந்தால் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குப் புறப்படும் மலை ரயிலில் ஏறுங்கள். மே மாதத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே பாருங்கள். 46 கிலோமீட்டர் தூரத்துக்கு ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ரயில் அது. 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. அந்த மெதுவான ஓட்டம்தான் நம் சோதனைக்கு வசதி.

ரயில் கிளம்பும் முன், பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு மீதியைப் பாட்டில் வாயில் இழுத்துக் கட்டினோம். உடுக்கைத் தோல்போல மட்டமாக இருந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் தொடங்கியது. இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து, ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வருவதுபோல விலக்கி வைக்கப்பட்டிருக்கும். அதனால் எஞ்சினின் பற்சக்கரத்துக்கு எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடி கொடுத்துக்கொண்டே இருக்கும். மிகச் செங்குத்தான இடத்தில் 12 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறுகிறது. 12 சென்டிமீட்டர் ஸ்கேலின் ஒரு முனையை ஒரு சென்டிமீட்டர் தூக்கிக் காட்டுங்கள், "இவ்வளவுதானா?" என்பார்கள். சாதாரண ரயிலுக்கு அதில் பாதியே பெரும்பாடு என்று சொல்லுங்கள். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது என்பதை என் மகள் தானாகவே கண்டுபிடித்தாள். இந்த நீராவி எஞ்சின்களில் சில நம் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்தவை என்றதும் அவளுக்கு அப்படி ஒரு பெருமை!

பாட்டிலுக்கு வருகிறேன். வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது பலூன் தோல் லேசாக மேலே எழும்பியிருந்தது. குன்னூரில் என் மகன் ஸ்கேலை வைத்துப் பார்த்தான். ஒன்றரை சென்டிமீட்டர், வழவழவென்று ஒரு சின்னக் குடை. விரலால் அழுத்தினான், திரும்ப எழுந்தது. "உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிறார்கள் அப்பா" என்றான். உள்ளே இருப்பது மேட்டுப்பாளையத்துக் காற்று, வெளியே அழுத்தம் குறைந்துகொண்டே போவதால் அது விரிகிறது என்று விளக்கினேன். மகள் விடவில்லை. "வெயிலில் சூடாகி விரிந்திருக்கலாமே?" என்றாள். அவளே யோசித்து, "குன்னூர் குளிர்கிறது, சூடுதான் காரணமென்றால் சுருங்கியிருக்க வேண்டும்" என்றும் சொன்னாள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே பயணச் செலவு முழுவதும் தகும்.

தங்குமிடம் சமையலறையோடு இருக்கும்படி பாருங்கள், அடுத்த விளையாட்டுக்கு அடுப்பு வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெர்மாமீட்டரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் 99 காட்டியது. ஊட்டியில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் 93க்கு மேல் ஏறவே இல்லை. அடுப்பைக் கூட்டிப் பார்த்தோம், கொதி அதிகமானதே தவிர எண் நகரவில்லை. "இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, கண்ணு" என்று என் அம்மா பேத்தியிடம் சொன்னார்கள். அம்மா இளவயதில் சில காலம் கோத்தகிரியில் இருந்தவர்கள். அப்பத்தா சொன்னதற்குக் காரணம் இப்போது எண்ணாகக் கண்முன் நின்றது.

ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். கடல் மட்டத்தில் கொதிநிலை நூறு. நூறில் 93 போனால் ஏழு, ஏழு முந்நூறு 2,100 மீட்டர். ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்து மலையின் உயரத்தைச் சுமார் நூறு மீட்டர் வித்தியாசத்தில் பிடித்துவிட்டார்கள்! அதன் பிறகு தொட்டபெட்டா சிகரத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. 2,637 மீட்டர் என்றதும் அங்கே தண்ணீர் எவ்வளவில் கொதிக்கும் என்று இருவரும் கணக்குப் போடத் தொடங்கினார்கள். தெர்மாமீட்டரைப் பிள்ளைகள் படிக்கட்டும், பாத்திரத்தை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

தாவரவியல் பூங்காவுக்கு எப்படியும் போவீர்கள். பூக்களோடு திரும்பிவிடாமல் கல்லாக மாறிய மரத்தைத் தேடிப் பாருங்கள், சுமார் 2 கோடி ஆண்டு பழையது.

ஊட்டிக்கு அருகே முத்தோரையில், வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். உள்ளே பார்க்க அனுமதி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நாங்கள் தூரத்திலிருந்துதான் பார்த்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. அதை ஏன் சரிவில் கட்டினார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி, மலைச் சரிவும் வடக்கு தெற்காக அதே 11 டிகிரி. ஆகவே தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

அந்த அட்சரேகையை இரவில் பிள்ளைகளே அளக்க முடியும். தாளைக் குழாயாகச் சுருட்டி, பாகைமானியின் நேர்விளிம்பில் ஒட்டுங்கள். நடுப்புள்ளியில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு சின்னக் கல்லைத் தொங்கவிடுங்கள். குழாய் வழியாகத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கும்போது நூல் 90இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதுதான் நீங்கள் நிற்கும் அட்சரேகை. வடக்கே அடிவானம் மறைக்காத இடம் வேண்டும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் உயரம் சுமார் 10 டிகிரி, அந்த உயரத்தில்தான் நட்சத்திரம் இருக்கும். மே மாதத்தில் மேகம் தொல்லை கொடுக்கும். எங்களுக்கு மூன்றாம் இரவுதான் வானம் திறந்தது. ஸ்வெட்டரும் குல்லாயுமாக மொட்டை மாடியில் நின்று அளந்தோம். மகனுக்கு 10, மகளுக்கு 12. யாருடையது சரி என்று சண்டை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கச் சொன்னேன்.

கிளம்பும் நாள் காலையில் ஊட்டியிலேயே பாட்டிலின் பலூனைப் பிரித்து, புதிதாக ஒன்றை மட்டமாகக் கட்டிக்கொள்ளுங்கள். இறங்க இறங்க அது உள்ளே குழியும். நாங்கள் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தபோது கிண்ணம்போல ஆகியிருந்தது. என் மகன் அதை "ஊட்டிக் காற்று" என்று எழுதி அலமாரியில் வைத்தான். தினமும் ஸ்கேல் வைத்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டான். ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசிந்து, சில நாட்களில் தோல் மட்டமாகிவிட்டது. அந்தக் கசிவை எப்படித் தடுப்பது என்றுதான் இப்போது வீட்டில் பேச்சு.