களத்துக் கேள்விகள்: ஒரே விலையில் இரண்டு துப்பாக்கிகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன. கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும் சுடுதல் விளையாட்டுகளில், பார்வைக்கும் விலைக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் துப்பாக்கிகளுள் எதை வைத்துக்கொள்வது, எப்போது மாற்றுவது என்பதே அது. ஆகவே இந்த இதழின் பக்கத்தை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கல்லூரி மாணவர், கீழக்கரை

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வேலரண்ட் என்ற கணினி விளையாட்டை ஆடுகிறோம். வாண்டல் என்ற துப்பாக்கியோடு ஒரு ரவுண்டில் வீழ்ந்தால் அடுத்த ரவுண்டில் பேண்டம் என்ற மற்றொன்றை வாங்குகிறேன். அதிலும் வீழ்ந்தால் மறுபடி வாண்டலுக்கே திரும்புகிறேன். எங்கள் அணியை நடத்தும் காக்கா (அண்ணன்), "உனக்குத் துப்பாக்கியில் குறையில்லை, பொறுமையில்தான் குறை" என்று கடிந்துகொள்கிறார். இரண்டுக்கும் விலை ஒன்றுதானே, மாற்றுவதில் என்ன தவறு?

பதில்: தம்பி, விலை ஒன்று என்பது உண்மைதான். இரண்டும் 2900 கிரெடிட், அதாவது ஆட்டத்துக்குள் செலவழிக்கும் பணம். மறுபடி குண்டு நிரப்புவதற்கும் இரண்டுக்கும் ஒரே நேரம்தான் ஆகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம், ஏனெனில் கணக்கு தெரியாமல் மாற்றுகிறவருக்கு எந்தத் துப்பாக்கியும் நெடுநாள் கைகொடுக்காது.

முழுக் கவசம் அணிந்த எதிரியின் உயிர் 150. வாண்டலின் ஒரு குண்டு தலையில் பட்டால் 160 குறையும். எதிரி அருகில் நின்றாலும் மேப்பின் (ஆட்டக்களத்தின்) மறுகோடியில் நின்றாலும் அந்த எண் மாறாது. பேண்டத்தின் குண்டு கிட்டத்தில் 156 எடுக்கும், ஆனால் தொலைவு ஓரளவு கூடியதும் அது 140 ஆகிவிடும். அந்த 140-க்கும் 150-க்கும் நடுவில் மிஞ்சுகிற பத்துப் புள்ளி உயிர்தான், நீங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கும் பாதித் தோல்விகளுக்குக் காரணமாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

உடலில் படுகிற குண்டுகளின் கணக்கு வேறு. வாண்டல் ஒவ்வொரு குண்டுக்கும் 40 எடுப்பதால் நான்கு குண்டுகள் போதும். பேண்டம் கிட்டத்தில் 39 எடுப்பதால் அதற்கும் நான்கே போதும். ஆனால் வாண்டல் நொடிக்கு 9.75 குண்டுகளும் பேண்டம் நொடிக்கு 11 குண்டுகளும் சுடுவதால், அந்த நான்காவது குண்டு பேண்டத்தில் 0.27 நொடியிலேயே போய்ச் சேர, வாண்டலில் 0.31 நொடி ஆகிறது. தொலைவு கூடியதும் பேண்டத்தின் உடற்சேதம் 35 ஆகக் குறைந்து ஐந்தாவது குண்டு தேவைப்படுவதால், அங்கே நேரம் 0.36 நொடியாகிவிடுகிறது. ஆக, ஒரே துப்பாக்கி பக்கத்துச் சந்தில் வேகமானதாகவும் நெடுவழியில் தாமதமானதாகவும் இருக்கிறது. நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று கேட்காமல் எது சிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சென்ற மாதம் இராமநாதபுரத்தில் ஒரு கேமிங் மையத்தில் ஓர் இளைஞருக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேண்டத்தோடு நெடுவழி ஒன்றைக் காத்து நின்றார். எதிரி தலைகாட்டிய கணத்தில் மிகத் துல்லியமாக ஒரு குண்டை நெற்றியில் வைத்தார். எதிரி விழவில்லை, திருப்பிச் சுட்டு இவரை வீழ்த்திவிட்டார். திரையின் ஓரத்தில் வந்த அறிக்கையில் 140 என்ற எண்ணைப் பார்த்ததும் மேசையைத் தட்டிவிட்டு, அடுத்த ரவுண்டிலேயே வாண்டலை வாங்கினார். அந்த ரவுண்டில் அவருக்குக் கிடைத்த வேலையோ புகைக்குள் நின்று சுடுவது. வாண்டல் சுடும்போது குண்டின் தடம் எதிரிக்குக் கோடாகத் தெரியும்; பேண்டத்திலோ தடமும் தெரியாது, ஓசையும் அடங்கியிருக்கும். புகைக்குள்ளிருந்து புறப்பட்ட இரண்டு கோடுகளைப் பிடித்துக்கொண்டே எதிரிகள் அவரை வீழ்த்தினார்கள். மூன்றாவது ரவுண்டில் அவர் மறுபடி பேண்டத்துக்கு வந்தார், வந்து நின்றதோ முதல் ரவுண்டின் அதே நெடுவழியில்! அவர் கையில் குறி இருந்தது, பயிற்சி இருந்தது. நிற்கும் இடத்தையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்ற ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது.

ஆகவே தங்கள் காக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீழ்ந்த ஆத்திரத்தில் மாற்றாதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே மேப்பையும் உங்கள் வேலையையும் பாருங்கள். பிரீஸ் போன்ற திறந்த மேப்பில் நெடுவழியைப் பிடிப்பவர் என்றால் வாண்டலும், ஸ்பிளிட் போன்ற நெருக்கமான மேப்பில் ஓமன், பிரிம்ஸ்டோன் என்ற பாத்திரங்களுள் ஒன்றை எடுத்து, எதிரியின் பார்வையை மறைக்கப் புகை போடுகிறவர் என்றால் பேண்டமும் பொருந்தும். 12 ரவுண்டுகள் முடிந்து அணிகள் பக்கம் மாறும்போது உங்கள் இடமும் வேலையும் மாறுகின்றன; துப்பாக்கியை மாற்ற வேண்டுமென்றால் அதுவே சரியான நேரம் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரணியிடம் பணம் குறைந்து, 400 கிரெடிட் கொடுத்து இலேசான கவசம் மட்டுமே வாங்கியிருக்கும் ரவுண்டில், அவர்களுடைய உயிர் 125 தான். அப்போது பேண்டத்தின் அந்த 140-ஏ தலையில் ஒரே குண்டாக முடித்துவிடும்.

கேள்வி: பிளஸ் டூ மாணவி, தொண்டி

ரவுண்டின் நடுவில் வீழ்ந்த எதிரியின் துப்பாக்கியை எடுப்பது நல்லதா? என்னிடம் பேண்டம் இருக்கும்போது வாண்டலை எடுத்து இரண்டு முறை மோசம் போனேன்.

பதில்: தங்கையே, கீழே கிடக்கும் துப்பாக்கியில் அதன் உடைமையாளர் மிச்சம் வைத்த குண்டுகள் மட்டுமே இருக்கும் என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களிடம் இருந்த பேண்டத்தில் 30 குண்டுகள். வாண்டலின் முழுக் கொள்ளளவே 25. எதிரி உங்களை நோக்கிப் பதினைந்து குண்டுகள் சுட்ட பிறகு விழுந்திருந்தால், நீங்கள் எடுப்பது பத்துக் குண்டுள்ள துப்பாக்கி. எடுத்தவுடன் ஓடுகிற பழக்கத்தை விட்டு, மறைவிடம் இருந்தால் உடனே ரீலோட் செய்யுங்கள். மறைவிடம் இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம்.

நீங்கள் எடுத்துதான் ஆகவேண்டும் என்ற நேரமும் உண்டு. பிஸ்டல் மட்டும் கையில் இருக்கும் ரவுண்டில் எது கிடைத்தாலும் எடுங்கள். ஆனால் நல்ல பேண்டம் கையில் இருக்க, வாண்டல் என்ற ஆசைக்காக வெட்டவெளியில் எஃப் விசையை அழுத்திக்கொண்டு நிற்கும் அரை நொடி வீண்.

ரவுண்டு முடிந்து உயிரோடு இருந்தால் கையிலுள்ள துப்பாக்கி அடுத்த ரவுண்டுக்கும் வரும். அதை மாற்ற வேண்டுமென்றால் கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது; அந்த வாங்கும் நேரத்திலேயே வாங்கியதை மட்டும்தான் முழுப் பணத்துக்குத் திருப்பலாம். எனவே புதிதாக 2900 செலவழிக்காமல், எதிர்த் தேவை உள்ள அணித்தோழியிடம் ஜி விசையால் கீழே போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இதைக் கேட்டு வாங்க வெட்கப்படும் அணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாட்டுப்படகு உரிமையாளர், மண்டபம்

என் இரண்டு மகன்களும் வீட்டில் இந்த விளையாட்டைத்தான் பேசுகிறார்கள். இரண்டு துப்பாக்கிகளைப் பற்றி விடிய விடிய வாக்குவாதம். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. இதில் சண்டைபோட என்ன இருக்கிறது?

பதில்: ஐயா, கரையில் குவித்து வைத்திருக்கும் சூடை வலையையும் நண்டு வலையையும் வெளியூரிலிருந்து வருகிறவர் பார்த்தால் இரண்டும் ஒன்றென்றே சொல்வார், வலைக்கண்ணின் அளவைக் கையால் தொட்டுப் பார்க்கிற உங்களுக்கு அப்படித் தோன்றாது அல்லவா? தங்கள் மகன்கள் பேசுவதும் அதைப் போன்றதுதான். ஒரு துப்பாக்கி தூரத்துக்கு ஏற்றது, மற்றது கிட்டத்துக்கும் மறைவுக்கும் ஏற்றது.

கச்சான் காற்றடிக்கும் காலத்தில் ஒரு கடலிலும் வாடைக் காலத்தில் மறு கடலிலும் தொழில் செய்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் பாடு சரியில்லை என்பதற்காக மறுநாளே வலையையும் கடலையும் மாற்றுகிறவர் உங்கள் ஊரில் இருக்கமாட்டார். அந்த வழக்கத்தை உங்கள் வாயால் அவர்களுக்குச் சொல்லுங்கள். நான் எழுதுவதைவிட அது அவர்கள் மனத்தில் நன்றாகப் பதியும். விடிய விடிய என்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள், தூக்கமில்லாத கண்ணுக்கு எந்தத் துப்பாக்கியிலும் குறி நிற்காது.

கேள்வி: வாசகர், தங்கச்சிமடம்

எனக்குக் கணினி வசதி இல்லை. கைப்பேசியில் பிஜிஎம்ஐ ஆடுகிறேன். எம்416, ஏகேஎம் என்ற துப்பாக்கிகள் இரண்டையும் ஒன்றாகச் சுமந்து தேவைக்கேற்ப மாற்றலாமா?

பதில்: வேண்டாம். எம்416-க்கு 5.56 குண்டும் ஏகேஎம்-க்கு 7.62 குண்டும் தேவை. இரண்டுக்கும் சேர்த்துச் சுமந்தால் பையில் மருந்துக்கும் கையெறி குண்டுக்கும் இடம் போய்விடும். எம்416-இல் பிடியும் பின்கட்டையும் பொருத்திப் பின்னுதைப்பைக் குறைக்கலாம், ஏகேஎம்-இல் அந்த வசதி இல்லை. ஒரு ரைபிளும், அதன் வேலையைச் செய்யாத வேறு வகைத் துப்பாக்கி ஒன்றும் வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: விசைப்படகுத் தொழிலாளி, பாம்பன்

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எனக்கு நேரம் கிடைக்கிறது. வாண்டல், பேண்டம் இரண்டிலும் கை பழக வேண்டும். எப்படிப் பயிற்சி செய்வது?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், தாராளமான காலம்தான். இரண்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பழகாதீர்கள். முதல் மூன்று வாரம் ஒன்று, அடுத்த மூன்று வாரம் மற்றது, மிச்ச நாட்களில் இரண்டையும் கலந்து ஆடுங்கள்.

தொடக்கத்தில் பயிற்சிக்களத்தில் ஒரு சுவரை நோக்கி, ஒரே இடத்தில் நின்று, மவுஸை அசைக்காமல் ஆறு குண்டுகள் மட்டும் சுட்டு நிறுத்துங்கள். சுவரில் விழுந்த தழும்புகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: அவை எவ்வளவு மேலேறியிருக்கின்றன, எந்தக் குண்டிலிருந்து சிதறத் தொடங்குகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். அதே இடத்திலிருந்து மற்றதாலும் சுட்டு, இரண்டு தழும்புக் கூட்டங்களையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுங்கள். கையைக் கீழ்நோக்கி எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை எந்தக் காணொளியையும்விட அந்தச் சுவர் நன்றாகச் சொல்லித் தரும்.

அதன்பின் டெத்மேட்ச், அதாவது அணியில்லாமல் தனித்தனியாகச் சுட்டு ஆடும் ஆட்டம். அங்கே பணக்கவலை இல்லாததால் வேண்டிய துப்பாக்கியை எடுக்கலாம். தலைமட்டத்தில் குறிமுனையை வைத்துக்கொண்டு நடக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவானது. அதை மாற்றவே கூடாது. மாற வேண்டியது, முதல் குண்டு தவறிய பிறகு நீங்கள் செய்வதுதான். பேண்டத்தில் எதிரி கிட்டத்தில் இருந்தால் விரலை எடுக்காமல் தொடரலாம். வாண்டலில் தூரத்தில் இருந்தால் இரண்டு குண்டோடு விரலை எடுத்து, பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து, நின்று, மறுபடி சுடுங்கள். பேண்டத்தில் பழகிய விரல் வாண்டலில் 25-வது குண்டுக்குப் பிறகும் அழுத்திக்கொண்டே இருக்கும். வெற்று 'டிக்' ஓசை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறது என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து அது ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்றால், வாண்டலோடு தரவரிசை ஆட்டத்துக்குப் போகலாம்.