ஆம்புலன்ஸ் அக்கா பதில்கள்

சென்ற இதழில் என்னைப் பற்றி வந்த நான்கு வரிக் குறிப்பைப் பார்த்துவிட்டு இத்தனை பேர் கடிதம் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான். பதினொரு வருடமாகக் கன்னியாகுமரி மாவட்டத்தில் 108 வாகனத்தின் பின்பக்கம் நோயாளியோடு உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறேன். டாக்டர் அல்ல, நர்ஸ் அல்ல, மருத்துவ உதவியாளர். வண்டி ஓட்டுபவரை நாங்கள் பைலட் என்போம்.

வண்டி எப்போது பார்த்தாலும் மரத்தடியில்தானே நிற்கிறது? ஓட்டம் இல்லாத நேரத்தில் என்னதான் செய்வீர்கள்? (மாணவர், கருங்கல்)

குறும்புக்காரத் தம்பி. மரத்தடியில் நிற்கும் வண்டியைத்தான் நீ பார்க்க முடியும். ஓடுகிற வண்டி கண்ணில் பட்டு மறைந்துவிடுமே!

எட்டு மணிக்கு ஆள் மாறும். காலை எட்டு, இரவு எட்டு. போனவுடன் நான் பார்ப்பது ஆக்சிஜன் சிலிண்டரின் முள். பெரியது வண்டியோடு பொருத்தப்பட்டிருக்கும். சிறியதை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போவோம். சிறியதை மறந்தவர்கள் மூன்றாவது மாடியில் நின்று வருந்துவார்கள். பிறகு, சளி உறிஞ்சும் கருவியில் ஒரு தம்ளர் தண்ணீரை இழுத்துப் பார்ப்பேன். சர்க்கரை பார்க்கும் பட்டைகளை எண்ணுவேன், பிரசவப் பெட்டியின் உறை பிரியாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்குள் பைலட் அண்ணன் டயரை உதைத்து, சைரனை ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்திருப்பார்.

அதன் பிறகு காத்திருப்புத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்று உண்டு: டப்பாவைத் திறந்ததும் முதலில் மீனைத் தின்றுவிட வேண்டும். கிழங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த விதி தெரியாமல் முதல் வருடத்தில் நான் இழந்த நெய்மீன் துண்டுகளுக்குக் கணக்கே இல்லை.

போன் செய்து அரை மணி நேரம் ஆயிற்று, வண்டி வரவில்லை. ஏன் இப்படித் தாமதம்? (வாசகர், திங்கள்நகர்)

உங்கள் கோபம் நியாயம். உங்கள் வீட்டுக்கு வந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு வழக்கமாக ஆவதைச் சொல்கிறேன்.

108-ஐ அழைத்தால் போனை எடுப்பவர் சென்னையில் இருப்பார். 2008 செப்டம்பரில் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அவரிடம் நம் ஊர்க்காரர் சொல்லும் முகவரி: “குருசடி பக்கத்தில், அந்த ரப்பர் தோட்டத்தைத் தாண்டி.” ஐயா, நம் மாவட்டத்தில் குருசடி, அதாவது வழியோரச் சிலுவைக் கோயில், இல்லாத வளைவு எது? ரப்பர் தோட்டத்தைத் தாண்டினால் வருவது அடுத்த ரப்பர் தோட்டம். ஊர்ப் பெயராவது உதவுமா என்றால், பாதி ஊர் விளை என்று முடிகிறது, மீதி கோடு என்று முடிகிறது. ஒரே பெயரில் இரண்டு விளைகள் வேறு. ஒரு நாள் இரவு நாங்கள் சரியான விளைக்குப் போய், தவறான வீட்டைத் தட்டி, தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் ஏறச் சொல்லிவிட்டோம். “எனக்கு ஒன்றும் இல்லையே மக்களே” என்று அவர் பயந்துபோனார். அந்தப் பயத்தில் அவருடைய இரத்த அழுத்தம் உண்மையிலேயே ஏறியிருக்கும்.

தாலுகா, ஊராட்சி, பிறகு பள்ளிக்கூடமோ ரேஷன் கடையோ, இந்த வரிசையில் சொல்லுங்கள். போனை யாருக்கும் கொடுக்காமல் நீங்களே வைத்திருங்கள். வழி கேட்டு நாங்கள் அந்த எண்ணுக்குத்தான் திரும்ப அழைப்போம். இரவாக இருந்தால் ஒருவர் டார்ச்சோடு ரோட்டுக்கு வந்து நிற்கட்டும். இதைச் செய்யும் வீடுகளில் எங்களுக்கு ஐந்து நிமிடமாவது மிச்சமாகும்.

வந்து சேர்ந்த பின்பும் ஒரு கண்டம் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் இரண்டு சுவருக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. ஸ்ட்ரெச்சர் திரும்பாது. குளச்சல் பக்கத்தில் மூச்சுத் திணறிய பாட்டா (தாத்தா) ஒருவரைப் படுக்க வைத்தால் இன்னும் திணறினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மார்பைச் சுற்றி வேட்டியால் கட்டி, முன்னால் இருவர் பின்னால் இருவராகத் தூக்கி வந்தோம். தூக்கியவர்கள் வலை பின்னிக்கொண்டிருந்த இளைஞர்கள். நாங்கள் கூப்பிடவில்லை, வலையைப் போட்டுவிட்டு அவர்களாகவே வந்தார்கள். பாட்டா வழியெல்லாம் “மெல்ல, மெல்ல” என்று கட்டுமரம் இறக்குவதுபோல உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். பேச மூச்சு இருக்கிறதே என்று நான் நிம்மதி அடைந்தேன்.

குடித்துவிட்டு ரோட்டில் கிடப்பவர்களுக்கெல்லாம் ஏன் வண்டி அனுப்புகிறார்கள்? வீண் செலவுதானே? (வாசகர், நாகர்கோவில்)

ஒரு பஸ் நிறுத்தத்தில் வேட்டி நழுவக் கிடந்த மனிதரைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். “நல்ல போதை” என்றார்கள். உளறல், வியர்வை, தள்ளாட்டம் எல்லாம் இருந்தன. வாடை மட்டும் இல்லை. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 34. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு என்போம். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றிச் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து, “என் குடை எங்கே?” என்று கேட்டார். போதை என்று சொன்ன இருபது பேரில் யாரோ ஒருவர் அதற்குள் குடையை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

உண்மையிலேயே குடித்தவருக்கும் வருவோம். குடித்தவர் தலையிலும் அடிபடும்.

ரப்பர் பால் வெட்டப் போகும்போது பாம்பு கடித்தால் கட்டு போடலாமா? (பால்வெட்டுத் தொழிலாளி, அருமனை)

போடாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பச்சிலைக்காரரைத் தேடாதீர்கள். என் அப்பாவும் பால்வெட்டுக்காரர்தான். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் தோட்டத்தில் இறங்குகிறவர்களுக்கு மரம் தெரியும், கால் தெரியாது.

கடிபட்ட காலை எலும்பு முறிந்த காலைப்போல அசையாமல் வைக்க வேண்டும். மெட்டி, கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. நடக்கவிடக் கூடாது. ஏற்கெனவே யாராவது கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தால் நீங்களாக அவிழ்க்க வேண்டாம். திடீரென்று அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷம் மொத்தமாக ஏறும். ஆஸ்பத்திரியில் பார்த்து அவிழ்ப்பார்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுவரவும் வேண்டாம். ஒருவர் சாக்கில் கட்டி உயிரோடு கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். அன்று ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியே இருக்காது. பல் பட்ட இடமும் தெரியாது. இரவு தரையில் படுத்திருந்தவர் விடிகாலையில் வயிறு வலிக்கிறது, இமை திறக்க முடியவில்லை என்று சொன்னால் பாம்பை நினையுங்கள். கண்ணாடிவிரியன் கடி என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். “ஊசி போடாமல் சும்மா வைத்திருக்கிறார்களே” என்று அந்த நேரத்தில் சண்டைக்குப் போகாதீர்கள்.

விபத்தில் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமே? (வாசகி, தோவாளை)

வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் உதவுபவரைப் பாதுகாக்கிறது. விருப்பமில்லை என்றால் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஒன்று மட்டும்: கழுத்தைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து இல்லையென்றால் நாங்கள் வரும்வரை தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாலே பெரிய உதவி. தண்ணீர் கொடுக்காதீர்கள். சோடா வேண்டவே வேண்டாம்.

வண்டிக்குள்ளேயே பிரசவம் பார்த்ததுண்டா? பயமாக இருக்காதா? (கர்ப்பிணி வாசகி, தக்கலை)

உண்டு, தங்கச்சி. உனக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று தோன்றினாலும் சொல்கிறேன்.

பேச்சிப்பாறை அணைக்கு மறுகரையில் காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்பு ஒன்றிலிருந்து அழைப்பு. நாங்கள் இக்கரையில் நிற்கிறோம், வலி கண்ட பெண்ணைப் படகில் கொண்டுவருகிறார்கள். மழை பெய்து ஓய்ந்த நேரம். படகில் அவளுடைய அம்மா தலைக்குமேல் ஒரு தார்ப்பாயைப் பிடித்தபடி நிற்கிறாள். கரைக்கு வந்தபோதே பனிக்குடம் உடைந்திருந்தது.

குலசேகரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். பாதி வழியில் தலை தெரிந்துவிட்டது. “அண்ணே, ஓரம் கட்டுங்கள்” என்றேன். பைலட் அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி, ஏசியை அணைத்து, வெளியே இறங்கிக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஏசியை அணைப்பது குழந்தைக்குக் குளிர் ஆகாது என்பதற்காக.

குழந்தை வந்தது, அழவில்லை. நீலம் பாரித்த சின்ன உடம்பு. துண்டால் துடைத்து, வாயையும் மூக்கையும் சுத்தம் செய்து, முதுகைத் தேய்த்தேன். மூன்று தேய்ப்பு, நான்கு தேய்ப்பு. வெளியே அண்ணன் இருமுவது கேட்டது. அதன் பிறகு பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம், அடுத்ததாக ஊரைக் கூட்டும் அழுகை. தாயின் மார்பின் மேல் போட்டு இருவரையும் சேர்த்துப் போர்த்தினேன். கொடியின் துடிப்பு நின்றதும் இரண்டு இடத்தில் கவ்வி நடுவில் வெட்டினேன். சென்னையிலிருந்து டாக்டர் போனில் சொன்னபடி ஊசி. நேரம் 4.52 என்று குறித்தேன். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பேனா பிடித்த கை ஆடியதில், 4.52-இல் உள்ள அந்த 2 கோழி கிறுக்கியதுபோலத்தான் பதிவேட்டில் இருக்கிறது.

நீ தேதிக்கு இரண்டு நாள் முன்பே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்.

வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிட முடிகிறதா? (இல்லத்தரசி, மார்த்தாண்டம்)

இரவு வேலை முடிந்து வீடு வந்து சேர ஒன்பது ஆகும். கிணற்றடியில் மாமியார் ஒரு வாளி வெந்நீர் வைத்திருப்பார். குளிக்காமல் வீட்டுக்குள் நுழைவதில்லை என்பது எனக்கும் அவருக்கும் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம். என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “சாப்பிட்டாயா?” அவ்வளவுதான்.

எங்களுக்கு முப்பது சென்ட் ரப்பர் உண்டு, ஐம்பத்தைந்து மரம். கணவர் விடியலில் வெட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். பாலை ஆசிட் சேர்த்துத் தட்டில் உறைய வைப்பதும் மறுநாள் ரோலரில் கொடுத்து ஷீட் அடிப்பதும் என் பங்கு. மனசு சரியில்லாத நாளில் ரோலரை வேகமாகச் சுற்றுவேனாம். என் மகள் சொல்கிறாள். பத்து வயதுக் குழந்தை என் கைச் சத்தத்தை வைத்து இரவு எப்படிப் போயிற்று என்று தெரிந்துகொள்கிறாள். இது எனக்குப் பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை.

பகல் தூக்கம் மட்டும் கைவரவில்லை. படுத்தவுடன் பக்கத்து வீட்டு அக்கா பிரஷர் பார்க்க வருவார். அவருக்குப் பிரஷர் இல்லை, பேச்சுத் துணை இல்லை.

வண்டியில் விட்டுப்போகிற பொருட்கள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன. ஒற்றைச் செருப்பு, உறையில் சுற்றிய பல்செட், வீட்டுச் சாவிக்கொத்து. சாவியை அன்றே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போய்க் கொடுத்துவிடுவோம். ஒற்றைச் செருப்பைக் கேட்டு யாரும் வருவதில்லை.

நீங்கள் காப்பாற்றியவர்கள் பிறகு உங்களைத் தேடி வந்ததுண்டா? (வாசகர், அழகியபாண்டியபுரம்)

மிகக் குறைவு. அவர்கள் என் முகத்தைப் பார்க்கிற நிலையில் இருப்பதில்லையே. ஆனால் நான் அவர்களைப் பார்ப்பேன். ஆஸ்துமா முற்றி வார்த்தை வராமல், என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடாமல் வந்த மீன்காரி ஒருத்தி இருக்கிறாள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி வாசல்வரை அந்தப் பிடி தளரவில்லை. இரண்டு நாள் அந்த இடம் கன்றியிருந்தது. சென்ற மாதம் சந்தையில் அவளிடமே சாளை வாங்கினேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நூறு ரூபாய்க்கு இன்னும் நாலு போடு என்றேன். கட்டுப்படியாகாது என்று மூச்சு விடாமல் நீளமாகத் திட்டினாள். முழுதும் கேட்டுக்கொண்டு நின்றேன். இழைப்பு இல்லை, இருமல் இல்லை. பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.