வேலை மாறினால் சம்பளம் ஏறுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 27. இலந்தைக்குளம் எல்காட் பார்க்கில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வீட்டிலிருந்தே போய் வருகிறேன். நான்கு வருடத்தில் இது மூன்றாவது கம்பெனி. வருடம் 5.40 லட்சம், கைக்கு மாதம் 40 ஆயிரம். இப்போது சென்னையில் 7.20 லட்சத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே அறையும் சாப்பாடுமாக மாதம் 11 ஆயிரம் ஆகும். "மாறினால்தான் சம்பளம் ஏறும்" என்கிறார்கள் நண்பர்கள். ஒரே மில்லில் 31 வருடம் இருந்த அப்பாவோ, "வேர் பிடிக்க விடாத செடி காய்க்காதுடா" என்கிறார். யார் சொல்வது சரி? (முதல் கம்பெனியின் பிஎஃப் பணத்தை எடுத்து பைக் வாங்கிவிட்டேன். அதில் தப்பில்லையே?)
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, ஆஃபர் லெட்டரின் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முப்பது வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். முதல் பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குத்தான் கண் போகும். அங்கே பாருங்கள். 7.20 லட்சத்தில் 72 ஆயிரம் 'வேரியபிள்'. வருடக் கடைசியில் கம்பெனி மனது வைத்தால் வரும். உங்கள் பெயரில் கம்பெனி கட்டும் பிஎஃப் மாதம் 1,800 ரூபாய், அதுவும் உள்ளே. கிராஜுவிட்டிக்கென்று (வேலையை விடும்போது சர்வீஸுக்காகக் கம்பெனி தரும் தொகை) 14 ஆயிரத்துச் சொச்சம், அதுவும் உள்ளே. ஐந்து வருட சர்வீஸ் ஆகுமுன் கிளம்பினால் இந்தப் பணம் கைக்கே வராது, ஆனால் சம்பளக் கணக்கில் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் கழித்து, உங்கள் பங்கு பிஎஃப்பையும் பிடித்தால் கைக்கு 49 ஆயிரம். ஒன்பதாயிரம் கூடுகிறது, பதினோராயிரம் செலவாகிறது. ஊருக்கு வந்துபோகிற பஸ் டிக்கெட்டை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதற்காக நண்பர்கள் சொல்வது பொய் என்று ஆகிவிடாது. உள்ளேயே இருப்பவருக்குப் பழைய சம்பளத்தின் மேல் இத்தனை சதவீதம் என்று போடுவார்கள். வெளியிலிருந்து எடுக்கும்போது, அந்த வேலைக்கு இன்று என்ன விலை என்று பார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் மாறுகிறவருக்குத் துள்ளல் கிடைக்கிறது. அப்பா இருந்த மில் வேறு உலகம். இன்கிரிமென்ட், பஞ்சப்படி, தீபாவளி போனஸ் என்று இருக்க இருக்க ஏறும்.

எனக்குச் சொந்த ஊர் சோழவந்தான் பக்கம். நாற்றங்காலிலேயே கிடந்தால் நெல் தேறாது, பிடுங்கித்தான் நட வேண்டும். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். ஆனால் நட்ட பயிரைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி வேறு வயலில் ஊன்றுகிற சம்சாரியை நான் கண்டதில்லை.

என்னை உறுத்துவது சம்பளம்கூட இல்லை. மூன்று கம்பெனியிலும் நீங்கள் பார்த்தது ஒரே மேனுவல் டெஸ்டிங், அதாவது ஒவ்வொன்றையும் கையால் சோதிக்கிற வேலை. சென்னையிலும் அதேதான் என்று லெட்டரிலேயே இருக்கிறது. நான்கு வருட அனுபவம் என்று எழுதலாம்; இன்டர்வியூவில் உட்காருகிறவர் ஒரு வருடத்தை நான்கு தரம் எண்ணியிருக்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார். சோதனையைக் கம்ப்யூட்டரே செய்ய வைக்கிற செலினியம் மாதிரி ஆட்டோமேஷன் கற்றுக்கொண்டு, இங்கேயே ஒரு புராஜெக்ட்டில் கை வைத்துவிட்டு மாறுங்கள். சென்னைக்காரர்கள் ஆட்டோமேஷன் வேலை என்று எழுத்தில் கொடுத்தால், மாதம் இரண்டாயிரம் கைநஷ்டம் என்றாலும் நாளைக்கே கிளம்புங்கள் என்பேன்.

பைக் விஷயம். தப்புதான். தொடர்ந்து ஐந்து வருடம் ஆகுமுன் பிஎஃப்பை எடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் வரும். புதுக் கம்பெனிக்கு மாற்றியிருந்தால் பழைய வருடங்களும் சேர்ந்துகொள்ளும். கம்பெனி கட்டுவதில் மாதம் 1,250 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். அந்தப் பணத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த வருடங்கள் போனது போனதுதான். இரண்டாவது கம்பெனிப் பணத்தையாவது தொடாமல், ஒரே யுஏஎன் எண்ணில் (எத்தனை கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) மாற்றிவிடுங்கள்.

உங்களை மட்டும் சொல்வானேன். 2001இல் ஒரு மில் ஆபீஸில் இருந்தேன். எண்ணூறு ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று நான்கு வருடம் பத்தரை மாதத்தில் கிளம்பினேன். ஐந்து வருடம் ஆகவில்லை, கிராஜுவிட்டி கிடையாது என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்த எனக்கு அது தெரியவில்லை! பன்னிரண்டாயிரம் ரூபாய். என் வீட்டம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

கேள்வி: கப்பலூரில் ஒரு கம்பெனியில் 14 வருடமாகக் கணக்கர். வயது 46. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18 ஆயிரம்தான். இந்த வயதில் மாறலாமா?
– ஒரு வாசகி, திருநகர்

பதில்: மாறலாம் அம்மா, ஆனால் வேறிடத்து ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் ஒருமுறை பேசிவிட்டு மாறுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் எல்லாம் தனியாகப் பார்க்கிற ஆளை விட அவருக்கும் மனது வராது. கிராஜுவிட்டி கடைசிச் சம்பளத்தின் மேல்தான் போடுவார்கள்: 18 ஆயிரத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, அதை 14ஆல் பெருக்கினால் 1,45,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். இன்று அந்த 18 ஆயிரத்தில் இரண்டாயிரம் ஏற்றி வாங்கினால் பதினாலு வருடத்துக்கும் சேர்த்து ஏறும். அப்படியும் அவர் அசையாவிட்டால் கிளம்புங்கள். கிராஜுவிட்டியை முப்பது நாளுக்குள் தந்தாக வேண்டும். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள்.

கேள்வி: மூன்று வருடத்தில் நான்கு கம்பெனி மாறிய மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: ஜாதகத்தோடு ரிலீவிங் லெட்டரையும் வாங்கிப் பாருங்கள். வேலையை விட்ட இடம் மூன்று, லெட்டரும் மூன்று இருக்க வேண்டும்.