பிள்ளை கம்பஸ் போகிறது: பெற்றார் கேட்டவை

இருபது வருடத்துக்கு மேல் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதி ஒன்றில் பொறுப்பாளராக இருந்தேன். இப்போது ஓய்வுபெற்று வெள்ளவத்தையில் இருக்கிறேன். உயர்தரப் பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வந்து, பிள்ளைகளுக்கு இடம் கிடைத்த கையோடு இங்கே பெற்றார் கேட்ட கேள்விகள் இவை.

ரீச்சர், மகளுக்குப் பேராதனை கிடைச்சிருக்கு. ஒருநாளும் எங்களை விட்டு இருந்ததில்லை. தினமும் இரவு எட்டு மணிக்குக் கதைக்க வேணும் என்று சொல்லியிருக்கிறன். சரிதானே? (அம்மா, வெள்ளவத்தை)

முதல் இரண்டு கிழமைக்குச் சரி, தங்கச்சி. பிறகு விட்டுவிடுங்கள். விடுதியில் எட்டு மணி என்றால் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிற நேரம், சிநேகிதம் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் வராந்தா மூலையில் தனியே நின்று, "சாப்பிட்டேன் அம்மா, நல்லா இருக்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அழுத பிள்ளைகளை நிறையக் கண்டிருக்கிறேன். அம்மா பயந்துவிடுவா என்று மறைக்கிறார்கள். தினமும் அழைப்பு வருகிறது, ஆனால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

போக முதல் ஒருநாள் அவளைப் பக்கத்தில் இருத்தி, நீங்கள் தோற்றுப்போன ஒரு கதையைச் சொல்லுங்கள். சோதனையில் கோட்டை விட்டது, வேலையில் ஏச்சு வாங்கியது, எதுவென்றாலும் பரவாயில்லை. அம்மாவிடம் கெட்ட செய்தியும் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதன் பிறகு கிழமைக்கு இரண்டு முறை கதைத்தாலும் போதும்.

புதுப் பிள்ளைகளுக்குச் சீனியர்மார் செய்யிற பகிடிவதையை நினைச்சால்தான் பயம். "கொஞ்சம் அனுபவிச்சால் பிள்ளை திடமாகும்" என்கிறார் என்ர அண்ணன். (அப்பா, கொட்டாஞ்சேனை)

அந்தப் பேச்சு உங்கள் பிள்ளையின் காதில் விழ விடாதீர்கள். என்னிடம் இருந்த ஒரு பிள்ளை, மூன்று ஏ எடுத்தவள். எந்தச் சட்டை போடுவது, தலையை எப்படிப் பின்னுவது எல்லாம் சீனியர்மார் சொன்னபடிதான். இரவில் நித்திரை கொள்ள விடமாட்டார்கள். வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். "அப்பா சமாளிக்கச் சொன்னார் மிஸ்" என்றாள். நான் மேலிடத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். அந்த அப்பாவுக்கு அன்றே நான் கதைத்திருக்க வேண்டும். அடுத்த கிழமை படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் அது என் நெஞ்சில் கிடக்கிறது.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை கிடைக்கலாம். பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நடந்தால் பத்து வருடம் வரை போகும். என்ன நடந்தாலும் திகதி, நேரம், பெயர் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மாணவர் ஆலோசகர் அசையாவிட்டால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இங்கே கொழும்பு 7, வார்ட் பிளேசில்தான் இருக்கிறது. நீங்களே போய் முறையிடலாம். "தாங்க முடியாவிட்டால் அடுத்த பஸ்ஸில் வா, காரணம் பிறகு கேட்கிறேன்" என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

பேராதனைக்கு என்னென்ன கட்டிவிட வேணும்? (அம்மா, தெஹிவளை)

குடை, ஸ்வெட்டர், தடித்த போர்வை, நுளம்புவலை. மார்கழி, தை இரவுகள் கொழும்புப் பிள்ளைக்கு நன்றாகக் குளிரும். காய்ச்சலுக்கு பனடோல் மட்டும்தான். டெங்குவாக இருந்தால் அஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் சோதிக்க வேண்டும். அவசரமென்றால் 1990, இலவச அம்புலன்ஸ். மனம் சரியில்லை என்றால் 1926. இரண்டையும் போனில் பதிந்து கொடுங்கள். மற்றதெல்லாம் கண்டியில் வாங்கலாம்.

மகனுக்கு யாழ்ப்பாணம். கொக்குவிலில் என்ர தங்கச்சி வீட்டில் நிண்டு படிக்கட்டும் என்கிறன். அவன் கூட்டாளிமாரோட அறை எடுக்கப் போறானாம். (அப்பா, பம்பலப்பிட்டி)

எந்தப் பீடம்? பொறியியல் என்றால் அது கிளிநொச்சியில். கொக்குவிலிலிருந்து தினமும் போய்வருவது நடக்கிற காரியமில்லை. திருநெல்வேலி வளாகம் என்றாலும் அறைக்கே விடுங்கள் என்பேன். மாமி வீட்டில் அவன் விருந்தாளி. உடுப்புத் தோய்க்கவும் பழக மாட்டான், இரவு நூலகத்திலிருந்து பிந்தி வந்தால் கேள்வியும் வரும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மாமி வீடு இருக்கட்டும்.

மகாபொல புலமைப்பரிசில் காசு வரும்தானே, மாதம் எவ்வளவு அனுப்ப? (அப்பா, மட்டக்குளி)

மகாபொல கிடைத்தாலும் முதல் பணம் கைக்கு வரச் சில மாதம் ஆகும். அதுவரைக்கும் உங்கள் கையில் ஏற்பாடு இருக்க வேண்டும். ஒரு தொகையை மாதத் தொடக்கத்தில் அனுப்புங்கள், கணக்குக் கேட்காதீர்கள். இருபதாம் திகதி கை வெறுமையானால் அடுத்த மாதம் தானாகப் பழகுவான். பட்டினி கிடக்கிற நிலை வந்தால் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

நான் பிள்ளைப் பக்கம், மிஸ். வயசு இருபது. வாற மாதம் போறன். அம்மா சமைக்கேக்க எல்லாம் அழுறா. நான் என்ன செய்ய? (மகள், பம்பலப்பிட்டி)

அழ வேண்டாம் என்று சொல்லாதீர்கள் மகள். சமைக்கும்போது பக்கத்தில் நின்று பருப்பும் சம்பலும் பழகுங்கள். அம்மாவுக்கு நீங்கள் பட்டினி கிடக்கமாட்டீர்கள் என்று தெரியும். போகும் நாள் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் அவ வரட்டும். விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் உங்கள் கட்டிலையும் யன்னலையும் படமெடுத்து அவவுக்கு அனுப்புங்கள்.