என் தாத்தாவின் ராணுவப் பணிப் பதிவில் 11-ஆவது ராணுவக் குழு என்ற பெயர் திடீரென மறைகிறது. அந்தக் குழு 1944 நவம்பருக்குப் பின் கலைக்கப்பட்டதா?

கலைக்கப்படவில்லை; பெயர்தான் மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது 1943 நவம்பரில் அமைக்கப்பட்டு, இந்திய-பர்மா எல்லைப் போருக்குத் தலைமை தாங்கிய பிரித்தானிய 11-ஆவது ராணுவக் குழு, 1944 நவம்பர் 12 அன்று தென்கிழக்காசிய நேசநாட்டுத் தரைப்படைகளின் தலைமையகமாக மாற்றப்பட்டது. அதன் தளபதி ஜெனரல் ஜார்ஜ் கிஃபார்டின் இடத்துக்கு ஆலிவர் லீஸ் வந்தார். உங்கள் தாத்தாவின் பணிப் பதிவில் அந்தப் பெயர் திடீரென மறைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

மாற்றத்தின் பின்னணி சுவையானது. அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல் கிஃபார்டின் கீழ்ப் பணியாற்ற மறுத்துவிட்டு, தம்மைவிடப் பதவியில் குறைந்தவரும் கிஃபார்டின் கீழிருந்த 14-ஆவது ராணுவத்தின் தளபதியுமான ஸ்லிம்மின் கட்டளையை வட பர்மாவின் காமைங் நகரை அடையும்வரை ஏற்பதாகச் சொன்னார். இந்த விசித்திரமான ஏற்பாடு உண்மையிலேயே நடந்தது. 1944 அக்டோபரில் ஸ்டில்வெல் திருப்பி அழைக்கப்பட்ட பிறகே பிரித்தானிய, அமெரிக்கத் தரைப்படைகளை ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவர முடிந்தது.

பதிவில் டிவிஷன் எண்ணைத் தேடிப் பாருங்கள். 1944 மார்ச்சில் 17, 20, 23 என்ற இந்திய டிவிஷன்களுள் ஒன்று குறிக்கப்பட்டிருந்தால், அவர் மணிப்பூரின் இம்பால் போர்முனையில் 4-ஆவது கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த படைப்பிரிவு) கீழ் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ராணுவக் குழுவின் பெயரை மட்டும் வைத்து இம்பால் என்று முடிவு செய்துவிடாதீர்கள். பர்மாவின் அரக்கான் கடலோரத்தில் போரிட்ட 15-ஆவது கோரும் 14-ஆவது ராணுவத்தின் வழியாக இதே குழுவுக்கு உட்பட்டிருந்தது. 1944 நவம்பரில்தான் அந்தக் கோர் புதிய தலைமையகத்தின் நேரடிப் பொறுப்புக்கு மாறியது.